வேலூரிலிருந்து பறந்தால் எவ்வளவு நேரம்? அப்துல்லாபுரத்தின் தூரக் கணக்கு

இரண்டு ஊர்களின் விமான நிலையங்களைக் கொடுத்தால், இடையில் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம் என்று இணையம் நொடியில் சொல்லிவிடுகிறது. அந்த இரண்டுக்கும் நடுவே விமானம் ஓடுகிறதா என்பது அந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை. வேலூர் விமான நிலையம் இருக்கும் அப்துல்லாபுரத்தையும் சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தையும் கொடுத்தால் 165 கிலோமீட்டர் என்று வரும். ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்து வகுத்தால் பன்னிரண்டு நிமிடம். காட்பாடியிலிருந்து ரயிலில் சேலம் போக ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகிறது. பன்னிரண்டு நிமிடம் என்று கேட்டவுடன் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

அந்த 165 சரியான எண். பன்னிரண்டு தவறான எண். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் விஷயம்தான் வேலூருக்கு எந்த ஊரோடு விமானத் தொடர்பு வேண்டும் என்ற கேள்விக்கும் பதில் சொல்கிறது. வேலூர் விமான நிலையம் எப்போது திறக்கும் என்று நாம் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறோம். எங்கே பறப்பதற்காகத் திறக்க வேண்டும் என்பதைப் பேசியது குறைவு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் தூரம். விமான நிலையம் என்பது ஏக்கர் கணக்கில் பரந்து கிடக்கும் இடம். எங்கிருந்து எங்கே அளப்பது? ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஓர் ஆதாரப் புள்ளி குறித்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது ஓடுபாதையின் நடுப்பகுதியை ஒட்டி இருக்கும். தூரம் என்றால் இந்தப் புள்ளிக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவே, பூமியின் மேற்பரப்பை ஒட்டிய மிகக் குறுகிய பாதை. பூமி உருண்டை என்பதால் இதற்குக் கோள முக்கோணவியல் சூத்திரம் உண்டு. டெல்லிக்கோ லண்டனுக்கோ போகும்போதுதான் அது அவசியம். நம் ஊர்களுக்கு இடையில் பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றமே போதும்.

போட்டுப் பார்க்கலாம். அப்துல்லாபுரம் வட அட்சம் 12 பாகை 54 கலை, கிழக்குத் தீர்க்கம் 79 பாகை 4 கலை. காமலாபுரம் 11 பாகை 47 கலை, 78 பாகை 4 கலை. ஒரு பாகைக்கு 60 கலை, ஆகவே வடக்கு தெற்காக 67 கலை வித்தியாசம். நம் பகுதியில் ஒரு பாகை அட்சத்துக்கு 110.6 கிலோமீட்டர், ஆகவே 67 கலைக்குச் சுமார் 124 கிலோமீட்டர். கிழக்கு மேற்காகச் சரியாக ஒரு பாகை. தீர்க்கக் கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால் இங்கே ஒரு பாகைத் தீர்க்கம் 108.7 கிலோமீட்டர்தான். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 165. பேனாவும் காகிதமும் இருந்தால் இரண்டு நிமிட வேலை.

இந்த அட்ச, தீர்க்கக் கணக்குக்கும் நம் மண்ணுக்கும் பழைய உறவு உண்டு. வில்லியம் லாம்டன் 1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் நிலத்தில் சங்கிலி போட்டு அடிப்படைக் கோடு அளந்தார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக உள்நாட்டுக்குள் நீண்ட அளவை, மலை உச்சிகளைப் பிடித்துக்கொண்டே மேற்குக் கரை வரை போனது. ஒரு பாகையின் நீளம் தென்னிந்தியாவில் எவ்வளவு என்பதைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பது அந்த அளவையின் முக்கிய நோக்கங்களில் ஒன்று. இன்று நாம் கைப்பேசியில் தட்டி எடுக்கும் 110.6-க்குப் பின்னால் அந்த உழைப்பும் இருக்கிறது. பரங்கிமலையின் அடிவாரத்தை ஒட்டித்தான் இப்போது மீனம்பாக்கம் விமான நிலையம் நிற்கிறது.

சேலத்துக்கு வருவோம். ரயில் பாதையில் காட்பாடி–சேலம் சுமார் 205 கிலோமீட்டர். பாலாற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்துக் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று மேற்கே போய், அங்கிருந்து திருப்பத்தூர், மொரப்பூர், பொம்மிடி வழியாகத் தெற்கே இறங்குகிறது. நடுவில் ஜவ்வாது மலை நிற்பதால் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். நேர்கோடோ வேலூரிலிருந்து கிளம்பி ஜவ்வாது மலையின் மேலாகவே போய், ஊத்தங்கரைப் பக்கம் தாண்டி, சேர்வராயன் மலையின் வடக்கு ஓரமாக ஓமலூர் பக்கத்துக் காமலாபுரத்தில் இறங்கும். சாலையில் போனால் வழியைப் பொறுத்து 200 முதல் 230 வரை ஆகும். ஆக, பறப்பதால் மிச்சமாகும் தூரம் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர். மலை இருப்பதால் கிடைத்த லாபம் அது.

இனி நேரம். இங்கேதான் இணையக் கணக்கு சறுக்குகிறது.

வேலூர்–சேலம் மாதிரியான தடத்தில் ஜெட் விமானம் வராது. காமலாபுரத்தின் ஓடுபாதை ஏறக்குறைய 1,800 மீட்டர். அங்கே வந்துபோவது ஏடிஆர் 72 என்ற இரட்டைப் புரொப்பல்லர் விமானம். அதன் பயண வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டியது. அப்படியானால் 165-ஐ 500-ஆல் வகுத்து இருபது நிமிடம் என்று சொல்லலாமா? அதுவும் கூடாது. அந்த 500 என்பது உயரத்தில் ஏறி நிலைபெற்ற பிறகு வரும் வேகம். குறுகிய தூரத்தில் அந்த நிலைக்கு விமானம் வருவதே அபூர்வம்.

ஓர் ஏடிஆர் அப்துல்லாபுரத்திலிருந்து கிளம்ப முடியும் என்று வைத்துக்கொண்டு நிமிடக் கணக்காகப் பார்ப்போம். எஞ்சின் போட்டு ஓடுபாதை முனைக்கு வர மூன்று, நான்கு நிமிடம். மேலே கிளம்பியதும் நிமிடத்துக்குச் சராசரி 1,200 அடி ஏறும் என்றால் 14,000 அடிக்குப் போக 12 நிமிடம் ஆகும். ஏறும்போது வேகம் குறைவு, மணிக்கு 340 கிலோமீட்டர் அளவில்தான் தரையைக் கடக்கும். அதற்குள் சுமார் 65, 70 கிலோமீட்டர் போய்விட்டது. ஜவ்வாது மலை பின்னால் போய்விட்டது.

இப்போது இறங்கும் கணக்கு. ஆயிரம் அடி இறங்க மூன்று நாட்டிகல் மைல் வேண்டும் என்பது விமானிகள் மனதில் வைத்திருக்கும் பொது விதி. நாட்டிகல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். காமலாபுரம் கடல்மட்டத்துக்கு ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. ஆகவே இறங்க வேண்டியது 13,000 அடி, அதற்கு 39 நாட்டிகல் மைல், அதாவது 72 கிலோமீட்டர். இதோடு 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 250 நாட்டிகல் மைல், வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடும் பொதுவாக உண்டு. இறங்க 11 நிமிடம் வைத்துக்கொள்ளலாம்.

ஏறியது எழுபது, இறங்குவது எழுபத்திரண்டு. 165-ல் மிச்சம் இருப்பது இருபத்தைந்து கிலோமீட்டருக்கும் குறைவு. மணிக்கு 500 என்ற அந்தப் பெருமைக்குரிய வேகத்தில் விமானம் பறப்பது மூன்றே நிமிடம். ஏர்ஹோஸ்டஸ் தண்ணீர் பாட்டில் கொடுத்து முடிப்பதற்குள் பெல்ட் போடும் விளக்கு மறுபடி எரிந்துவிடும்.

கடைசியாகத் தரை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, ஓடுபாதைக்கு நேராக வரிசை பிடிக்க வேண்டும். காமலாபுரம் ஓடுபாதை வடகிழக்கு தென்மேற்காகப் போவது. வேலூரிலிருந்து போகும் விமானமும் அதே திசையில் தென்மேற்காகத்தான் வருகிறது. ஆடி மாதம் போல மேற்கிலிருந்து காற்று அடிக்கும் நாளில் நேராக வந்து காற்றை எதிர்த்து இறங்கிவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று வீசினால் சுற்றிப் போய் மறுமுனையிலிருந்து இறங்க வேண்டும். நாலைந்து நிமிடம் அதில் கூடும். எல்லாம் சேர்த்துக் கதவு மூடியதிலிருந்து கதவு திறக்கும் வரை நாற்பது முதல் ஐம்பது நிமிடம். இணையத்தின் பன்னிரண்டைப் போல நான்கு மடங்கு.

இது வெறும் காகிதக் கணக்கா என்று சந்தேகம் வரலாம். ஓடிக்கொண்டிருக்கும் தடங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சென்னை–சேலம் வான்வழி 265 கிலோமீட்டர். ஏடிஆர் விமானத்துக்கு டைம்டேபிளில் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் போடுகிறார்கள். சென்னை–தூத்துக்குடி 527 கிலோமீட்டர், அதே வகை விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம் அளவில். தூரம் இரண்டு மடங்கானபோது நேரம் ஒன்றரை மடங்குதான் ஆகியிருக்கிறது. இதிலிருந்து ஒரு எளிய வழி கிடைக்கிறது: தூரத்தை 500-ஆல் வகுங்கள், வருவதோடு அரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். 265-க்கு 32 நிமிடமும் 30-உம் சேர்ந்து 62. 527-க்கு 63-உம் 30-உம் சேர்ந்து 93. இரண்டுமே டைம்டேபிளோடு ஒத்துப்போகின்றன.

அந்த அரை மணி நேரம் தூரத்தைப் பார்ப்பதில்லை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானம் கிளம்பக் காத்திருப்பது, ஏறுவது, இறங்குவது, தாமதத்துக்கென்று விமான நிறுவனம் ஒதுக்கி வைக்கும் சில நிமிடங்கள், எல்லாம் அதில் அடக்கம். நூறு கிலோமீட்டர் பறந்தாலும் அது போகும், ஐந்நூறு கிலோமீட்டர் பறந்தாலும் அதுவேதான் போகும். குறுகிய தூரத்தில் விமானம் ஏன் தோற்கிறது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மேலே "கிளம்ப முடியும் என்று வைத்துக்கொண்டு" என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அப்துல்லாபுரம் ஓடுதளம் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தது. பிறகு பல ஆண்டுகள் சும்மா கிடந்து, இடையில் சில காலம் விமானிப் பயிற்சிக்குப் பயன்பட்டு, கடைசியாக, சிறிய ஊர்களுக்கும் விமானம் விடுவதற்கான மத்திய அரசின் உடான் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரிந்த இடம்தான். ஓடுபாதையின் நீளம் 850 மீட்டரை ஒட்டியது. ஏடிஆர் 72 முழு எடையோடு கிளம்ப 1,300 மீட்டர் அளவில் கேட்கும். ஆகவே இங்கே எதிர்பார்க்கக்கூடியது 19 இருக்கைகள் கொண்ட சிறு விமானம். டார்னியர் 228 அந்த வகை. அருணாசலப் பிரதேசத்தில் 2022 ஏப்ரலிலிருந்து பயணியரை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. அதன் வேகம் மணிக்கு 400 கிலோமீட்டர் அளவில்.

அந்தச் சிறு விமானத்துக்கும் வேலூரில் ஒரு சோதனை உண்டு. அது நம் வெயில்.

ஓடுபாதை எவ்வளவு நீளம் வேண்டும் என்று விமானத் தயாரிப்பாளர் சொல்லும் எண், கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்துக்கானது. காற்று சூடானால் அதன் அடர்த்தி குறையும், இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், எஞ்சினுக்கும் வலு குறையும், விமானம் இன்னும் அதிக தூரம் ஓடித்தான் மேலே எழும்பும். இதற்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஒரு திருத்தம் கொடுத்திருக்கிறது: 300 மீட்டர் உயரத்துக்கு 7 சதவீதம், அந்த உயரத்துக்குரிய இயல்பான வெப்பத்தைத் தாண்டிய ஒவ்வொரு டிகிரிக்கும் 1 சதவீதம் கூட்ட வேண்டும். வேலூர் சுமார் 220 மீட்டர் உயரம். கடல்மட்டத்தில் 800 மீட்டர் கேட்கும் விமானத்துக்கு இங்கே 840 வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி தாண்டுவது நமக்குப் புதிதல்ல. 40 என்றே வைத்தால் இயல்பைவிட 26 டிகிரி கூடுதல். 840-ஐ 26 சதவீதம் கூட்டினால் ஆயிரத்து ஐம்பதைத் தாண்டிவிடுகிறது. இருப்பதோ 850.

அப்படியானால் பறக்கவே முடியாது என்று அர்த்தமில்லை. முழு எடையோடு பறக்க முடியாது. எரிபொருளைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆளைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் காலை ஆறு, ஏழு மணிக்கு, வெயில் ஏறும் முன்பே கிளம்ப வேண்டும். எரிபொருளைக் குறைத்தால் போகும் தூரம் சுருங்கும், ஆளைக் குறைத்தால் கட்டணம் கட்டுப்படியாகாது. ஆகவே வேலூருக்கு விமான நேரம் போடுகிறவர்கள் விடியற்காலையை விட்டுவிடவே கூடாது. மதியம் இரண்டு மணிக்கு ஒரு ஃப்ளைட் போட்டால், சித்திரை வைகாசியில் அது பாதி காலியாகத்தான் கிளம்ப முடியும், டிக்கெட் கேட்டு ஆள் வரிசையில் நின்றாலும்.

இனி எந்த ஊருக்கு என்ற கேள்வி. அப்துல்லாபுரத்திலிருந்து வான்வழித் தூரங்களைப் போட்டுப் பார்த்தேன். திருப்பதி ரேணிகுண்டா 95 கிலோமீட்டர், சென்னை 120, புதுச்சேரி 132, பெங்களூரு தேவனஹள்ளி 151, சேலம் 165. அதற்கப்பால் திருச்சி 240, கோவை 303, மதுரை 356, தூத்துக்குடி 477. வேலூரின் இடம் இதில் நன்றாகத் தெரிகிறது. சேலத்திலிருந்து திருப்பதிக்கு நேர்கோடு போட்டால் அது காட்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் நடுவே, அப்துல்லாபுரத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளித்தான் போகும். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவிலும் நாம்தான். நாலு பக்கமும் பெரிய விமான நிலையங்கள், எதுவும் பறந்து போகும் தூரத்தில் இல்லை, எதுவும் எளிதில் ஓடிப் பிடிக்கும் தூரத்திலும் இல்லை.

வேலூர் விமானம் என்றவுடன் எல்லோரும் சொல்வது சென்னையும் பெங்களூரும்தான். சென்னையையே எடுத்துக்கொள்வோம். 120 கிலோமீட்டர் நேர்கோட்டில் பறக்கவும் முடியாது. நடுவில் அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி இருக்கிறது. நெடுந்தூரக் கண்காணிப்பு விமானங்கள் அங்கிருந்து இயங்குகின்றன. நம் நேர்கோடு கிட்டத்தட்ட அதன் பக்கத்திலேயே போகிறது. அதைத் தாண்டினால் தாம்பரம் விமானப்படைத் தளம், மீனம்பாக்கத்தின் நெரிசல். விமானத்தைக் கட்டுப்பாட்டு அறை எந்த வழியாக விடுகிறதோ அந்த வழியாகத்தான் வர வேண்டும். பெரிய விமானங்கள் வரிசையில் நிற்கும்போது 19 இருக்கை விமானம் தன் முறைக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். பறக்கும் நேரம் முப்பது நிமிடம் என்று எழுதலாம், நாற்பத்தைந்து ஆனாலும் ஆச்சரியமில்லை.

அதற்கு முன் வீட்டிலிருந்து கிளம்பும் கணக்கு இருக்கிறது. காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ இருப்பவர் அப்துல்லாபுரம் போக இருபது, முப்பது நிமிடம். சிறிய நிலையம்தான், ஆனாலும் பாதுகாப்புச் சோதனை உண்டு, ஒரு மணி நேரம் முன்னால் போய்த்தான் ஆக வேண்டும். பறப்பது நாற்பது நிமிடம். மீனம்பாக்கத்தில் இறங்கி வெளியே வர இருபது நிமிடம். கூட்டினால் இரண்டரை மணி நேரம். அதே ஆள் வீட்டு வாசலில் கார் ஏறினால் மீனம்பாக்கம் போக எவ்வளவு நேரம்? ஸ்ரீபெரும்புதூரில் மாட்டிக்கொள்ளாத நாளில் இரண்டரை மணி நேரம். வந்தே பாரத்தில் காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். விமானத்துக்கு இங்கே வேலையே இல்லை. பெங்களூருக்கும் பெரிய வித்தியாசமில்லை, தேவனஹள்ளி விமான நிலையத்துக்குச் சாலை வழி தூரம் என்பதால் கொஞ்சம் லாபம் வரும், அவ்வளவுதான்.

சென்னையில் இன்னொரு விமானம் மாறிப் போகிறவர்களுக்கு உதவுமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஒரே டிக்கெட்டில் லக்கேஜோடு சேர்த்து மாற்றிவிடும் ஏற்பாடு இருந்தால் உதவும். தனித் தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதைத் தவற விட்டுவிடுவோம் என்ற பயத்தில் யாரும் இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துத்தான் கிளம்புவார்கள். அப்போது காரில் போகிறவர் ஜெயித்துவிடுகிறார்.

உடான் திட்டம் தீட்டியவர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. 2016-ல் திட்டம் வெளியானபோது, மலைப்பகுதி, தீவு, வடகிழக்கு போன்ற இடங்களைத் தவிர மற்ற இடங்களில் 200 முதல் 800 கிலோமீட்டர் வரையிலான தடங்களைத்தான் குறிவைத்தார்கள். ஒரு மணி நேரம், ஏறக்குறைய 500 கிலோமீட்டர் பயணத்துக்கு விமானத்தின் பாதி இருக்கைகளை 2,500 ரூபாய்க்குக் கொடுப்பது என்பதுதான் மையக் கருத்து. பின்னால் வந்த சுற்றுகளில் விதிகள் பலவாறு மாறின. ஆனால் அந்த 200 என்ற கீழ் எல்லை அர்த்தமுள்ளது. அதை நம் பட்டியலில் கோடாகப் போட்டால் திருப்பதி, சென்னை, புதுச்சேரி, பெங்களூரு, சேலம் ஐந்தும் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுகின்றன. திருச்சி, கோவை, மதுரை, தூத்துக்குடி நான்கும் அந்தப் பக்கம்.

என் கருத்தில் வேலூருக்கு வேண்டியது அந்தப் பக்கம்தான், அதிலும் மதுரையும் தூத்துக்குடியும். காரணம் கிலோமீட்டர் மட்டுமல்ல. வேலூரிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயில்கள் அடிக்கடி ஓடுகின்றன, நெடுஞ்சாலை இருக்கிறது. தெற்கே போவதுதான் நமக்குக் கஷ்டம். காட்பாடி, திருவண்ணாமலை, விழுப்புரம் பாதையில் தெற்கே போகும் ரயில்கள் சொற்பம். மதுரைக்குச் சாலை வழி நானூறு கிலோமீட்டரைத் தாண்டும், பஸ்ஸில் ஓர் இரவு. தூத்துக்குடி, திருநெல்வேலி என்றால் இரவோடு காலையும் சேரும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையான சி.எம்.சி.க்குத் தென் மாவட்டங்களிலிருந்து வரும் நோயாளிகள் எத்தனையோ பேர். பிள்ளையைக் காட்பாடியில் இன்ஜினீயரிங் சேர்த்துவிட்டு ஒவ்வொரு விடுமுறைக்கும் அலையும் பெற்றோர்களும் அங்கே உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல், ஷூ வியாபாரம் செய்கிறவர்களுக்குத் தூத்துக்குடி என்றால் துறைமுகம்.

தூத்துக்குடிக்குக் கணக்குப் போடுவோம். 477 கிலோமீட்டர், 19 இருக்கை விமானம் மணிக்கு 400. காற்றில்லாத நாளில் 72 நிமிடம். தென்மேற்குப் பருவக்காற்று எதிரில் மணிக்கு 40 கிலோமீட்டர் தள்ளினால் 80 நிமிடம். இரண்டு பக்கமும் சிறிய நிலையங்கள், வரிசையில் காத்திருக்கும் வேலை இல்லை, ஆகவே அரை மணி நேரத்துக்குப் பதில் இருபது நிமிடம் கூட்டினால் போதும். மொத்தம் ஒன்றரை மணி நேரத்திலிருந்து நூறு நிமிடம். முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் சேர்த்தாலும் மூன்றரை, நாலு மணி நேரத்தில் ஆள் வாகைகுளத்தில் தூத்துக்குடி விமான நிலையத்துக்கு வெளியே நிற்பார். பஸ்ஸில் பத்து மணி நேரத்துக்கு மேல். ஆறு மணி நேரம் மிச்சம். சென்னைக்குப் பறந்தால் மிச்சம் என்று ஒன்றுமே இல்லை என்பதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மறுமுனையும் தயாராக இருக்கிறது. தூத்துக்குடியின் ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, புதிய முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டுவிட்டது. குறை நம் பக்கம்தான். வெயில் கணக்கைத் திரும்ப நினைத்துக்கொள்ளுங்கள்: 477 கிலோமீட்டருக்கு எரிபொருளும் அதற்கு மேல் கட்டாயக் கையிருப்பும் ஏற்றிக்கொண்டு 850 மீட்டரில் கோடையில் கிளம்புவது இழுபறிதான். ஓடுபாதையை நீட்டாமல் இந்தத் தடம் உருப்படாது. கோடையில் மதுரை வரை மட்டும், குளிர்ந்த மாதங்களில் தூத்துக்குடி வரை என்று தொடங்கலாம். அது இடைக்கால ஏற்பாடாகத்தான் இருக்க முடியும்.

சி.எம்.சி. என்றவுடன் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வங்காள நோயாளிகள். காந்தி ரோடு பக்கம் லாட்ஜ் போர்டுகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வங்காள எழுத்தைப் பார்க்காமல் நடக்க முடியாது. ஸ்கேன் ஃபிலிம் போட்ட பெரிய கவரை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் வயதான அம்மாவைப் பிடித்தபடி காட்பாடி பிளாட்பாரப் படியில் ஒவ்வொரு படியாக ஏறுகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, எல்லை தாண்டி வங்கதேசம் என்று வருகிறார்கள். ரயில் என்றால் ஒரு பகல் ஒரு இரவு தாண்டிய பயணம். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் சென்னைக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து டாக்ஸி பிடிக்கிறார்கள்.

வேலூர் விமான நிலையம் அவர்களுக்கு உதவும் என்று பலமுறை சொல்லப்படுகிறது. உதவ வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் வேலூரிலிருந்து கொல்கத்தா 1,470 கிலோமீட்டர். 19 இருக்கை விமானம் நேராகப் போகும் தூரமல்ல. அவர்கள் எப்படியும் சென்னையில்தான் இறங்க வேண்டும். சென்னையிலிருந்து வேலூருக்கு ஸ்ட்ரெச்சர் வைக்க முடியாத, சக்கர நாற்காலியோடு குறுகிய படியில் ஏற வேண்டிய சிறு விமானத்துக்கு மாறுவது, அதற்காக இரண்டு மணி நேரம் காத்திருப்பது, இதெல்லாம் நோயாளிக்குச் சுகமல்ல. ஆபரேஷன் முடிந்த ஒருவரைக் காரில் படுக்க வைத்து நேராக விமான நிலைய வாசலுக்குக் கொண்டுபோவதுதான் அவருக்கு நல்லது. அவர்களுக்காக நாம் கேட்க வேண்டியது மீனம்பாக்கத்திலிருந்து சி.எம்.சி. வாசலுக்கு, இரவிலும் ஓடும், முன்பதிவு செய்யக்கூடிய தாழ்தளப் பஸ். ராணிப்பேட்டையில் 2022-ல் திறந்த புதிய வளாகமும் அதே நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது, இரண்டுக்கும் சேர்த்தே விடலாம்.

தூரக் கணக்கு நின்ற இடத்தில் நிற்பதும் இல்லை. சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு 2022-ல் பரந்தூரைத் தேர்வு செய்தார்கள். நிலத்தையும் ஏரியையும் இழக்கும் ஏகனாபுரத்து மக்கள் அன்றிலிருந்து எதிர்த்துவருகிறார்கள், அவர்களின் கேள்விக்குப் பதில் வர வேண்டும். அங்கே வந்தால் வேலூருக்கு அது நேர்கோட்டில் முக்கால் நூறு கிலோமீட்டர்தான். சென்னை–பெங்களூரு விரைவுச் சாலையும் வாலாஜா, அரக்கோணம் வழியாக வருகிறது. இரண்டும் முடிந்தால் வேலூர்க்காரருக்குச் சர்வதேச விமானம் ஒன்றரை மணி நேரத் தொலைவில் வந்துவிடும். அப்போது வேலூர்–சென்னை விமானத்துக்கு இன்றைக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச நியாயமும் போய்விடும். மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் உள்ள தேவை மட்டும் அப்படியே இருக்கும். அந்தப் பக்கம் விரைவுச் சாலையும் இல்லை, வந்தே பாரத்தும் காட்பாடி வழியாகப் போகவில்லை.

சேலத்தின் அனுபவத்தையும் பார்க்க வேண்டும். 2018 மார்ச்சில் உடானில் சென்னைக்குச் சேவை தொடங்கியது, இடையில் நின்றுபோனது, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. 265 கிலோமீட்டர் தடத்துக்கே அந்த ஏற்ற இறக்கம். 120 கிலோமீட்டர் தடத்தை நம்பி நம் நிலையத்தைத் திறந்தால், சில மாதங்களில் டிக்கெட் விற்காமல் நின்றுபோகும். நின்றதும், வேலூரில் கூட்டமே இல்லை, எதற்கு விமானம் என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பெயர் ஒருமுறை வந்தால் அடுத்த நிறுவனம் எட்டிப் பார்க்காது. ஆகவே மூன்று மாவட்டத்து எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் டெல்லியில் மனு கொடுக்கும்போது "விமானம் விடுங்கள்" என்று மட்டும் எழுதாமல், ஓடுபாதையை 1,300 மீட்டருக்குக் குறையாமல் நீட்டுங்கள், முதல் தடம் மதுரை வழியாகத் தூத்துக்குடி, காலை ஏழு மணிக்கு முன் புறப்பாடு என்று எழுத வேண்டும்.